வில்லை நேராக்கினவர் பேர் என்ன?

ஆம்பூர்னு சொன்னா முதல்ல பிரியாணி ஞாபகம் வரும். அடுத்தது ஷூ. இன்னைக்கு எபிசோடு அந்த ஊரோட மூணாவது அடையாளத்துல இருந்து ஆரம்பிக்குது: நடுகல்.

பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 26-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகற்கள் ஆம்பூரில் கிடைத்திருக்கின்றன. 9-ஆம் நூற்றாண்டு. அன்றைக்கு ஊரின் பெயர் ஆமையூர். மாடு கவர நுளம்பன் படை வந்திருக்கு. எதிர்த்துப் போய் உயிரை விட்ட வீரர்களுக்குக் கல் நட்டிருக்காங்க. ஜவ்வாது மலைக்கு அந்தப் பக்கம் செங்கம் வட்டாரத்தில் இப்படிப்பட்ட கற்கள் ஏராளம். தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-ல் 'செங்கம் நடுகற்கள்' என்று தனிப் புத்தகமே வெளியிட்டது. இந்தப் பகுதி நடுகற்களில் அடிக்கடி பார்க்கிற உருவம் ஒன்று உண்டு: ஒரு கையில் வில், இன்னொரு கையில் குறுவாள், சில சமயம் உடம்பில் தைத்த அம்புகள்.

கல்வெட்டுக்கும் ஒரு டெம்ப்ளேட் இருக்கு. எந்த ராஜா, எத்தனையாவது வருஷம், எந்த ஊர், யாருடைய ஆள், எந்தச் சண்டையில் செத்தான். அந்த வில்லைச் செஞ்சு கொடுத்தவருக்கு மட்டும் அதுல ஒரு ஃபீல்டு கிடையாது.

அவர் என்ன வேலை பார்த்தார்னு தெரிஞ்சாத்தான் அந்தக் காலி இடம் எவ்வளவு பெரிசுன்னு புரியும். அதனால கொஞ்சம் டெக்னிக்கலா போகலாம்.

எதுல செஞ்சாங்க?

கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் வில்லுக்கு நாலு பொருள் சொல்லுது: பனை, மூங்கில், மரம், கொம்பு. நாணுக்கு ஒரு பட்டியலே தருது. அதுல எருக்கு நார் இருக்கு, சணல் இருக்கு, மூங்கில் இருக்கு, விலங்கின் தசைநாணும் இருக்கு. பனையும் எருக்கும் பாலாற்றங்கரையில் யாரும் தேடி அலைய வேண்டியதில்லை. தசைநாண்ங்கிற சொல்லைக் கவனிச்சீங்களா? தசையை எலும்போடு கட்டுற பகுதிக்குத் தமிழ்ல வில்லின் நாணை வெச்சுத்தான் பேர்.

கோணல் எங்கே இருக்கு?

ஒரு மரத்துண்டை வளைச்சா இலக்கை எதிர்கொள்ளும் வெளிப்பக்கம், அதாவது வில்லின் முதுகு, இழுபடும். நம்மைப் பார்க்கிற உள்பக்கம், அதாவது வயிறு, நசுங்கும். இந்த ரெண்டு விசையையும் மரம் தாங்கணும். மரமோ ஃபேக்டரியில வந்த கம்பி இல்லை. ஒரு இடத்தில் கணு, ஒரு இடத்தில் ரேகை திரும்பியிருக்கும், ஒரு ஓரம் தடிப்பா இருக்கும்.

முதல் டெஸ்ட் ரொம்ப எளிமை. நாணைப் பூட்டி, வில்லைக் கண்ணுக்கு நேரா நீட்டிப் பிடிச்சு, ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குப் பார்க்கணும். நாண் ரெண்டு முனைகளின் நடுவையும் பிடியின் நடுவையும் ஒரே கோட்டில் தொட்டுப் போகணும். ஒரு பக்கமா ஒதுங்கினா, வில்லை இழுக்கும்போது அந்தக் கை முறுக்கிக்கும். இழுக்க இழுக்க முறுக்கு கூடும். கடைசியில நாண் நழுவும், இல்லைன்னா மரம் பிளக்கும்.

கோணல் தெரியுற இடமும் அதுக்குக் காரணமான இடமும் ஒண்ணா இருக்கணும்னு அவசியமில்லை. கோடு எழுதுறவங்களுக்கு இது பழகின தலைவலிதான்: எரர் வர்றது ஒரு வரியில, தப்பு இருக்கிறது வேற வரியில. அதனால வில் செய்யுறவர் செலவு குறைஞ்ச இடத்திலிருந்து ஆரம்பிப்பார். முதல்ல குதை, அதாவது நாண் உட்காரும் முனைவெட்டு. அதுல ஒரு பக்கம் ஆழம் கம்மியா இருந்தா நாண் இடம் மாறிடும். ஒரு அரத்தை வெச்சு ரெண்டு இழுப்பு இழுத்தா முடிஞ்சது.

அங்கே கோளாறு இல்லைன்னா அடுத்து தடிமன். ஒரு ஓரம் தடிப்பாவும் மறு ஓரம் மெலிசாவும் இருந்தா, வில் மெலிஞ்ச பக்கமா முறுக்கும். நாணும் அந்தப் பக்கமே ஒதுங்கும். மெலிஞ்ச பக்கத்தில் மரத்தைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது. இருக்கிற ஒரே வழி, பலமான பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாச் சுரண்டுறதுதான். அதுவும் வயிற்றுப் பக்கத்தில் மட்டும். முதுகில் ஓடுற நார் அறுந்தா வில் அங்கேயே உடையும். கொஞ்சம் சுரண்டி, பல தடவை மெதுவா இழுத்துவிட்டு, மறுபடி பார்க்கணும். இழுத்தால்தான் மரம் தன் புது வடிவத்தைக் காட்டும்.

மரமே பிறவிக் கோணல்னா நெருப்பு. தணல் மேலயோ ஆவியிலயோ காட்டி, மரம் இளகினதும் வளைச்சுக் கட்டி, ஆறும் வரை விடணும்.

இதுல ஒரு கணக்கு இருக்கு. சுரண்டுற ஒவ்வொரு சீவலுக்கும் வில்லின் இழுவிசை குறையும். ரொம்ப நேராக்கப் போனா, நேரா இருக்கும், ஆனா அம்பு தூரம் போகாது. எங்கே நிறுத்தணும்னு தெரியுறதுதான் தொழில். மர வில்லில் அம்பு பிடியின் ஓரமாத்தான் புறப்படும். அதனால நாண் அம்பு போகும் பக்கமா ஒரு நூல் அளவு ஒதுங்கி நின்னா அது நல்லதுதான். திறமைசாலி அந்தச் சின்னக் கோணலைத் திருத்த மாட்டார். எந்தப் பக்கம் அம்பு வைக்கணும்னு அதை வெச்சே முடிவு பண்ணுவார்.

பேர் இல்லாத கையெழுத்து

இப்போ கொஞ்சம் தூரமா, இங்கிலாந்துக்குப் போவோம். 1545-ல் ரோஜர் ஆஸ்கம் வில்வித்தை பற்றி 'டாக்ஸோஃபிலஸ்' என்ற நூலை எழுதி எட்டாம் ஹென்றிக்குச் சமர்ப்பித்தார். புது வில்லை எய்து பார்த்துவிட்டு, வில் செய்பவரிடம் திரும்பக் கொடுத்துச் செதுக்கிச் சீராக்கிக்கச் சொல்றார். அதே வருஷம் ஹென்றியின் 'மேரி ரோஸ்' போர்க்கப்பல் போர்ட்ஸ்மவுத் அருகே மூழ்கியது. 1982-ல் கப்பலின் உடற்பகுதியை மேலே கொண்டுவந்தாங்க. கிடைத்த பொருள்களில் முழுசா இருந்த வில்கள் மட்டும் நூற்றுக்கும் மேல். அவற்றில் பலவற்றில், பிடிக்குப் பக்கத்தில் சின்னச் சின்னக் குத்துப்புள்ளிகளா அடையாளம் இருக்கு. வில் செய்தவர்களின் குறி என்பது ஆய்வாளர்கள் கணிப்பு. பேர் இல்லை. ஆனா "இது என் வேலை"ன்னு யாரோ சொல்லிட்டுப் போயிருக்கார்.

நம்ம பக்கம் மரம் இவ்வளவு காலம் தாங்கலை. கல் தாங்குச்சு. கல்லில் எய்தவன் மட்டும் இருக்கான். தசைநாண் வேணும்னா செத்த மாட்டை அறுத்து, உரிச்சு, நாரைப் பிரிச்சு முறுக்குற கை வேணும். அந்த வேலை செஞ்ச கைகளைத் தீண்டக்கூடாதுன்னு ஒதுக்கி வெச்ச சமூகம் இது. பொருளுக்கு மட்டும் தீட்டு இல்லை.

பழைய கதைன்னு தள்ளிட வேண்டாம். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி: இந்தத் தோல் பட்டையில இன்னைக்கும் அதே மாதிரிக் கண்கள் வேலை பார்க்குது. தோல் முதுகெலும்பு ஓடுற திசையில குறைவா இழுபடும், வயிற்றுப் பக்கம் தளர்வா இழுபடும். கட்டிங் மேசையில நிக்கிறவர் அதைப் பார்த்துத்தான் இடது கால், வலது கால் துண்டுகளை ஜோடி சேர்க்கணும். லாஸ்ட்ங்கிற கால் அச்சில் அப்பரை இழுக்கும்போது பின்தையல் குதிகாலின் நடுவில் நேரா நிக்கணும். சாஞ்சா அந்த ஷூ ரிஜெக்ட். தையல் மெஷின்ல உட்கார்ந்திருக்கிறவங்கள்ல ஏராளமானோர் பெண்கள். பெட்டி ஐரோப்பாவுக்குப் போகும்போது அதுமேல இருக்கிறது வேற ஊர் பிராண்டு.

நடுகல்லின் டெம்ப்ளேட் மாறவே இல்லை. யார் போட்டுக்கிட்டு நடந்தாங்கன்னு உலகத்துக்குத் தெரியும். அதை நேராக்கின கைக்கு இன்னும் ஃபீல்டு இல்லை.

உங்க வீட்டிலயோ தெருவிலயோ இப்படிக் கண்ணாலேயே கோணலைப் பிடிக்கிற ஒருத்தர் நிச்சயம் இருப்பார். தச்சர், தையல்காரர், ஷூ கம்பெனிக்குப் போற அக்கா. இந்த வாரம் அவங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "கோணல்னு எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?" சொல்றதை அவங்க பேரோட எழுதி வைங்க. அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.