சிக்குக் கோலத்தில் கண்மயக்கு

சிக்குக் கோலம், புள்ளிகளை இணைக்காமல் அவற்றைச் சுற்றி வளைந்தோடும் கம்பிகளால் ஆன கோல வகை. நெளிக் கோலம், கம்பிக் கோலம் என்றும் சொல்வர். தமிழகமெங்கும் வழங்கும் இதை மாமல்லபுரம், புதுப்பட்டினம் போன்ற செங்கல்பட்டு மாவட்டக் கடலோர ஊர்களிலும் மார்கழிக் காலைகளில் வாசல்தோறும் காணலாம். தேர், தாமரை, மயில் என்று உருவம் காட்டும் கோலங்களைப் போல இதில் எப்பொருளின் சாயலும் இருக்க வேண்டியதில்லை. கோடும் இடைவெளியுமே போதும். அவ்வகையில் இது அரூபக் கலை.

தண்ணீர் தெளித்துப் பெருக்கிய தரையில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே மாவை நழுவவிட்டுச் சம இடைவெளியில் புள்ளி வைப்பார்கள். புள்ளிக்கு நேர் கீழே புள்ளி வந்தால் நேர்ப்புள்ளி. இரண்டுக்கு நடுவே வந்தால் இடைப்புள்ளி. அளவுகோல் கிடையாது. ஆனால் ஒரு வரிசை பிசகினாலும் வளைவுகள் பொருந்தாமல் கோலம் கோணிவிடும்.

மாவு முழுவதும் ஒரே தளத்தில்தான் கிடக்கிறது. ஆயினும் கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கிப் பின்னியிருப்பதாகத் தோன்றும். இரு கோடுகள் வெட்டுமிடத்தில் திசை மாறாமல் செல்லும் கோட்டையே கண் தொடர்வது இதற்குக் காரணம்; வெட்டும் இரண்டில் ஒன்று மேலே இருக்க வேண்டும் என்று மனம் எடுத்துக்கொள்கிறது.

இதைவிட நுட்பமான மயக்கம் கம்பிகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. செவ்வகமாக வைத்த நேர்ப்புள்ளிகளில், அடுத்தடுத்த புள்ளிகளுக்கு நடுவே ஒவ்வோரிடத்திலும் கம்பிகளை வெட்டவிட்டு வரைந்தால், இரு பக்கப் புள்ளிகளின் மீப்பெரு பொது வகுத்தி எதுவோ அத்தனை கம்பிகள் அமையும். 4×5 புள்ளிக்கு ஒரே கம்பி, 4×6 புள்ளிக்கு இரண்டு, 4×4 புள்ளிக்கு நான்கு. பார்வைக்கு மூன்றும் ஒரே பின்னல்தான். விரலால் தொடர்ந்து சென்றால்தான் வேறுபாடு புலப்படும். இரு தனிக் கம்பிகள் வெட்டும் ஓரிடத்தில் வெட்டாமல் திருப்பிவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். இழை அறாத ஒற்றைக் கம்பிக் கோலத்துக்கு வழி இதுவே. சூத்திரம் எழுதாமலே இதைக் கைப்பழக்கமாக வைத்திருப்பது சிறிய சாதனை அன்று.

இத்தகைய கண்மயக்கையே ஓவியமாக்கி மேற்கில் விக்டர் வசரேலி, பிரிட்ஜெட் ரைலி ஆகியோர் வளர்த்த ஆப் ஆர்ட், 1965இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் நடந்த ‘தி ரெஸ்பான்சிவ் ஐ’ கண்காட்சியால் பரவலாக அறியப்பட்டது. ரைலியின் ‘மூவ்மென்ட் இன் ஸ்குவேர்ஸ்’ (1961) ஓவியத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் படிப்படியாக ஒடுங்க, தட்டையான பரப்பு உள்மடிவதாகத் தெரியும். அங்கே கண்ணை அலைக்கழிப்பது கறுப்பு வெள்ளையின் மோதல். சிக்குக் கோலம் அவ்வளவு உறுத்துவதில்லை. தொடக்கமும் முடிவும் எங்கே என்று தேட வைக்கிறது.

கைப்பழக்கமாக இருந்த கோல விதிகளை எழுத்தில் வகுத்தவர்களும் உண்டு. இன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் அடங்கும் தாம்பரத்தில், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றியவர் கிஃப்ட் சிரோமணி. ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோருடன் சேர்ந்து, கோலங்களைப் பிறப்பிக்கும் விதிகளை இலக்கணமாக வகுத்து 1974இல் அவர் வெளியிட்ட கட்டுரை, கணினிவழிப் பட ஆய்வில் கோலத்துக்கு இடம் பெற்றுத் தந்தது.