மின்சாரம் திறக்கும் கதவு: எலெக்ட்ரிக் சோக்கின் வரலாறும் பழுதறிதலும்

பழைய கார்களின் எலெக்ட்ரிக் சோக் பழுதாகும்போது நேரும் முதல் பிழை, அக்கருவியைத் தலைகீழாகப் புரிந்துகொள்வது. மின்சாரம் வந்தால் சோக் மூடும் என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில், குளிர்ந்த நிலையில் கார்புரேட்டரின் வாயை மூடிவைப்பது ஒரு சுருள்வில். அவ்வில்லைச் சூடாக்கித் தகட்டைத் திறக்கவிடுவது மட்டுமே மின்சாரத்தின் பணி. எனவே கம்பி அறுந்த வண்டி காலையில் நன்றாகவே கிளம்பும். பத்துக் கிலோமீட்டர் ஓடிய பிறகும் கரும்புகை கக்குவதும் பெட்ரோலை விழுங்குவதுமே அதன் அறிகுறி. 'குளிரில் கிளம்பவில்லை' என்ற புகாருக்கு மின்கம்பியைத் துருவுவோர் தேடுவது தவறான இடத்தில்.

இக்குழப்பத்தில் பெயருக்கும் பங்குண்டு. ஆங்கிலச் சொல் மூச்சை நெரிப்பதைக் குறிப்பது. பிரிட்டனின் பழைய கையேடுகள் இன்னும் வெளிப்படையாக 'ஸ்ட்ராங்க்லர்' என்றே எழுதின. பிரெஞ்சுக்காரர் அதே உறுப்பை 'ஸ்டார்ட்டர்' என்பர். இத்தாலியர் 'காற்றை இழுத்தல்' என்பர். இழுக்கும்போது நடப்பதோ காற்றை அடைப்பது. தமிழிலோ டியூப்லைட்டின் சோக்கும் காரின் சோக்கும் ஒரே ஒலியில் நிற்கின்றன. ஒன்று மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது, மற்றொன்று காற்றோட்டத்தை. 'எலெக்ட்ரிக்' என்ற அடை முன்னால் சேர்ந்ததும் மின்சாரமே நெரிக்கிறது என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது.

நெரிப்பதற்கான தேவை எளியது. பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக் கணக்கில் ஒரு பங்குக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோலின் ஒரு பகுதி ஆவியாகாமல் குழாய்ச் சுவரிலேயே படிந்துவிடும். காற்றைக் குறைத்து உறிஞ்சலைக் கூட்டினால் பெட்ரோல் மிகுதியாக வந்து அக்குறையை ஈடுசெய்யும். நெடுங்காலம் இதை ஓட்டுநரின் கையே செய்தது. 1930களில் அமெரிக்கக் கார்களில் பரவிய தானியங்கிச் சோக், வேலையை ஈருலோகச் சுருளிடம் ஒப்படைத்தது. வெவ்வேறு அளவில் விரியும் இரு உலோகங்களை ஒட்டிய பட்டை வெப்பத்தில் வளையும். ஜான் ஹாரிசன் பதினெட்டாம் நூற்றாண்டில் தமது கடற்பயணக் கடிகாரத்துக்காக உருவாக்கிய உத்தி அது. அச்சுருளுக்கு வெப்பம் தந்தது புகைபோக்கிக் குழாயை ஒட்டி வந்த சூடான காற்று. ஆகவே சுருள் எஞ்சினின் வெப்பத்தை, தோராயமாகவேனும், அளந்தது.

மின்சூடேற்றி வந்ததும் அந்த உறவு தளர்ந்தது. 1960 ஆகஸ்டில் தொடங்கிய 1961ஆம் ஆண்டு மாடலில் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் மின்சாரத் தானியங்கிச் சோக்கைப் பெற்றது. காற்றால் குளிரும் அந்த எஞ்சினில் சோக்கைச் சூடாக்கச் சுடுநீர் கிடையாது. மின்சாரம் வசதியான வழியாயிற்று. சுருள் இப்போது அளந்தது பெரும்பாலும் நேரத்தை: மின்சாரம் வரத் தொடங்கி எவ்வளவு நேரமாயிற்று என்பதை.

இக்கருவியை அமெரிக்காவில் பெருவழக்காக்கியது சட்டம். 1970 டிசம்பர் 31 அன்று அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட தூய காற்றுச் சட்டம், 1975 மாடல் கார்களில் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பன்களையும் 90 விழுக்காடு குறைக்கக் கோரியது. சோதனை முறையோ அதைவிடக் கூர்மையான கருவி. காரைக் குறைந்தது 12 மணி நேரம் நிறுத்திவைத்துக் குளிர்ந்த நிலையில் கிளப்ப வேண்டும். முதல் 505 விநாடிகளின் புகை தனிப் பையில் சேர்க்கப்படும். சோக் மூடியிருக்கும் ஒவ்வொரு விநாடியும் அந்தப் பையில் பதிவாகும். 1973ஆம் ஆண்டளவில் கிரைஸ்லர், ஃபோர்டு கார்களில் மின் துணையுள்ள சோக்குகள் வந்ததன் பின்னணி இதுவே. ஓட்டுநரின் வசதிக்காக வந்தது என்ற வழக்கமான விளக்கம் 1930களுக்குப் பொருந்தும், 1970களுக்குப் பொருந்தாது. இன்னொன்று: அச்சோதனையில் 'குளிர்ந்த' என்பது ஏறத்தாழ 20 முதல் 30 பாகை செல்சியஸ் வரை. சென்னையின் மார்கழிக் காலை அது. மினசோட்டாவின் மார்கழி அன்று.

உண்மைக் குளிரில் சோக் அவசரமாகத் திறந்தால் எஞ்சின் அணைந்துவிடும். அதற்காக ஃபோர்டின் சோக் மூடிக்குள் ஒரு வெப்ப சுவிட்ச் இருந்தது; சுமார் 15 பாகைக்குக் கீழே அது மின்சாரத்தை மறித்தது. குளிர்ந்த கராஜில் சோதித்து, 'சூடேற்றி செத்துவிட்டது' என்று நல்ல பாகத்தைத் தூக்கியெறிந்தால் அது சுவிட்சின் குற்றமன்று.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதே பழுதறிதலின் மையக் கேள்வி; விடை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். எஞ்சின் ஓடாமல் சாவி மட்டும் திருகிக் கிடந்தால் சோக் வீணாகத் திறந்துவிடுமல்லவா? அதைத் தவிர்க்க ஃபோர்டு ஆல்டர்னேட்டரின் ஸ்டேட்டர் முனையிலிருந்து கம்பி இழுத்தது. அங்கே கிடைப்பது ஏறத்தாழ 7 வோல்ட், அதுவும் எஞ்சின் ஓடும்போது மட்டும். 12 வோல்ட் எதிர்பார்த்து மீட்டர் வைப்பவர் இல்லாத பழுதைக் கண்டுபிடிப்பார். ஜெனரல் மோட்டார்ஸ் பல மாடல்களில் ஆயில் அழுத்த சுவிட்ச் வழியாக மின்சாரம் தந்தது. அந்த சுவிட்ச் கெட்டால் சோக் கெட்டதுபோல் தோன்றும். பீட்டிலில் இக்னிஷன் காயிலின் முனையிலிருந்தே சோக்குக்குக் கம்பி போகும். அதைப் பார்த்துப் பழகியவர், காயிலுக்கு முன் தடைக்கம்பி உள்ள அமெரிக்கக் காரில் அவ்வாறே இணைத்தால் சூடேற்றிக்கும் வோல்ட் போதாது, காயிலுக்கும் போதாது.

மின்சாரம் முனைவரை வந்தும் சுருள் சூடாகாவிட்டால் எர்த் இணைப்பைப் பார்க்க வேண்டும். ரோச்செஸ்டர் கார்புரேட்டர்களில் மின்சோக்கின் மூடிக்கும் கூட்டுக்கும் இடையே கேஸ்கட் போடக்கூடாது. உலோகம் உலோகத்தைத் தொட்டால்தான் மின்சுற்று முழுமையாகும். பழைய வெப்பக்காற்றுச் சோக்கிலோ அங்கே கேஸ்கட் வேண்டும். கவனமுள்ள மெக்கானிக்கின் நல்ல பழக்கமே அங்கு பழுதாகிறது. இத்தனைக்கும் முன்னால் செய்ய வேண்டியது மிக எளியது: குளிர்ந்த எஞ்சினில் ஏர் ஃபில்டரைக் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை ஒருமுறை மிதித்து, தகடு தடையின்றி மூடுகிறதா என்று பார்ப்பது. அச்சில் படிந்த பிசுக்கு எந்த மீட்டரிலும் தெரியாது.

இந்தியா இந்தக் கட்டத்தைப் பெரும்பாலும் தாண்டியே வந்தது. அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, தொடக்ககால மாருதி 800 எல்லாம் கையால் இயக்கும் சோக்குடன் ஓடின. 1999 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், தேசியத் தலைநகர் வலயத்தில் விற்கும் தனியார் கார்களுக்கு 2000 ஏப்ரல் முதல் யூரோ 2 வரம்பைக் கட்டாயமாக்கியது. கார்புரேட்டருக்குப் பதில் எரிபொருள் உட்செலுத்தும் முறை பரவியது. கைச்சோக்கிலிருந்து கணினிக்கு ஒரே தாவல். இடையிலிருந்த மின்சுருளோடு பழக இங்குள்ள பட்டறைகளுக்கு வாய்ப்பே குறைவு. அதை நன்கறிந்த நாடுகளிலும் தானியங்கிச் சோக்கைக் கழற்றிக் கைக்கம்பி பொருத்தும் உதிரித் தொகுப்புகள் இன்றும் விற்கின்றன. அப்படிக் கழற்றப்பட்ட சோக்குகளுள் பலவற்றின் குறை, இருக்கக்கூடாத ஒரு கேஸ்கட்டாக இருந்திருக்கலாம்.