பார்க்க வருகிறவர்கள்

நண்பனுக்குத் தொண்டையில் கட்டி என்று தெரிந்த வாரம், தெலுக் பங்லிமா காராங்கில் எல்லோரும் முதலில் கேட்டது ஒரே கேள்விதான். "எவ்வளவு ஆகும்?"

அவனே பதில் சொன்னான். "காசு பெருசா இல்லடா. கவர்மெண்டு ஆஸ்பத்திரி, நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. ஆனா தினமும் போகணும். ஏழு வாரம்."

தினமும் என்றால் திங்கள் முதல் வெள்ளி வரை, கோலாலம்பூருக்கு. எங்கள் ஊரில் ரயில் இல்லை. பஸ் பிடித்துக் கிள்ளான், அங்கிருந்து கொமுட்டர், பிறகு இன்னொரு வண்டி. கதிர்வீச்சு மேசையில் படுத்திருப்பது சில நிமிடம். போய்வருவதற்கு நாளே போய்விடும். அதனால் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அறை பிடித்தோம். கோயில், காற்பந்துக் குழு, அவன் வேலை செய்த தொழிற்சாலை என்று மூன்று பக்கமும் கேட்டோம். வாடகைக்கும் சாப்பாட்டுக்குமான பணம் ஒரே வாரத்தில் சேர்ந்துவிட்டது. கடமை முடிந்தது என்று நாங்களும் அவரவர் வேலையைப் பார்க்கப் போனோம்.

மூன்றாவது வாரம் அவன் போன் செய்தான். "நிறுத்திக்கிறேன்டா." கழுத்துத் தோல் கறுத்து உரிந்திருந்தது, எச்சில் விழுங்கக்கூட வலி. அதெல்லாம் காரணமாக இருக்கும் என்று நினைத்தேன். அவன் சொன்னது வேறு. "ராத்திரி அந்த ரூம்ல ஒருத்தனும் இல்ல. சுவத்தையே பாத்துக்கிட்டு கெடக்குறேன்."

இதைக் கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது 1941ஆம் ஆண்டின் ஒரு கோரிக்கைப் பட்டியல்.

அந்த ஆண்டின் முதல் பாதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் பரவியது. போரால் ரப்பருக்கு நல்ல கிராக்கி. தமிழ்த் தொழிலாளியின் கூலியோ சீனத் தொழிலாளியின் கூலியைவிடக் குறைவாகவே இருந்தது. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதன் முன்னின்றார். அந்தப் போராட்டம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது சைக்கிள் கோரிக்கை: துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற அவமானம் ஒழிய வேண்டும். கூலி, கள்ளுக்கடை, பிள்ளைகளின் படிப்பு ஆகியவையும் பட்டியலில் உண்டு. நாம் அதிகம் பேசாத இரண்டு கோரிக்கைகளும் அதில் இருக்கின்றன. ஒன்று, முறையான மருத்துவ வசதி. இன்னொன்று, உறவினரும் நண்பர்களும் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்துபோகும் உரிமை.

மே மாதம் நாதன் கைதானார். தொழிலாளர்கள் திரண்டார்கள். ராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார்.

பார்க்க ஒருவர் வந்துபோவதற்காக யாராவது வேலைநிறுத்தம் செய்வார்களா? முதல் தடவை படித்தபோது இந்தக் கோரிக்கை எனக்குச் சின்னதாகத்தான் பட்டது. தோட்டம் என்பது ஒரு கம்பெனியின் தனிச்சொத்து என்பதை யோசித்தபோதுதான் அதன் கனம் புரிந்தது. நம் வீட்டுக்கு யார் வரலாம் என்பதை வேறொருவர் முடிவு செய்கிறார். பக்கத்துத் தோட்டத்தில் தம்பி படுத்த படுக்கையாகக் கிடந்தாலும், போய்ப் பார்க்க நிர்வாகத்தின் தயவு வேண்டும். வெளியாளை உள்ளே விட்டால் சங்கம் முளைக்கும் என்ற பயம் அவர்களுக்கு. மருத்துவமும் விருந்தாளியும் ஒரே பட்டியலில் இருந்தது தற்செயல் இல்லை என்பது என் வாசிப்பு. நோயாளிக்கு இரண்டுமே வேண்டும் என்பது அந்தத் தொழிலாளர்களுக்குத் தெரிந்திருந்தது.

நிர்வாகத்தின் கணக்கில் மருத்துவம் மட்டும்தான் உண்டு. அதற்கும் கிள்ளானிலேயே ஒரு தொடக்கம் இருக்கிறது. 1901இல் மாவட்ட மருத்துவராகக் கிள்ளானுக்கு வந்த மால்கம் வாட்சன் சதுப்புகளை வடியவைத்து, அங்கும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் மலேரியாவைக் கட்டுப்படுத்தினார். உலக மருத்துவ வரலாற்றில் இடம்பெற்ற வேலை அது. பிற்பாடு தோட்டங்களுக்கும் அது பரவியது. எத்தனையோ தமிழ் உயிர்கள் அதனால் பிழைத்தன, மறுக்க முடியாது. ஆனால் தோட்ட மருத்துவத்துக்குக் காலைப் பெரட்டுதான் அளவுகோல். காய்ச்சல்காரனுக்கு டிரசர் கொயினா கொடுத்து, நாலு நாளில் மறுபடி மரம் வெட்ட அனுப்புவார். எழவே முடியாதவனுக்கு? 1907இல் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றை அரசு ஏற்படுத்தியது. முதலாளிகள் செலுத்திய வரியில் நடந்த நிதி அது. ஆட்களைக் கொண்டுவரும் செலவுக்காக வந்த அந்த ஏற்பாட்டிலேயே, உடம்புக்கு முடியாமல் போனவர்களைத் திருப்பி அனுப்பவும் வழி இருந்தது. வந்த கப்பலிலேயே போகலாம். புற்றுநோய் மாதிரி மாதக்கணக்கில் நேரம் கேட்கும் நோய்க்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

நிர்வாகத்தின் கணக்கில் இல்லாததை லயத்து வீடுகள் தாங்களே பார்த்துக்கொண்டன. எங்கள் பாட்டி சொல்வார்: லயத்தில் ஒருவருக்கு முடியவில்லை என்றால் எந்த வீட்டுக் கஞ்சி, ராத்திரி யார் முழித்திருப்பது என்று யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்வதில்லை. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருமினாலே இந்தப் பக்கம் கேட்கும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, விற்கப்பட்டு, தொழிற்சாலைகளாகவும் தாமான்களாகவும் ஆனபோது நல்ல சுவரும் தனிக் கதவும் கிடைத்தன. நல்லதுதான், யாரும் லயத்துக்குத் திரும்பிப்போக ஆசைப்படவில்லை. ஆனால் இருமல் சத்தம் கேட்காமல் போய்விட்டது. இப்போது நமக்குப் பணம் திரட்டத் தெரியும். கூட இருப்பதற்கு ஆள் திரட்டும் பழக்கம்தான் விட்டுப்போயிருக்கிறது.

இது நம்முடைய ஊர்ப் பிரச்சினை மட்டுமில்லை. கிள்ளானில் போராட்டம் நடந்த அதே 1941இன் பிப்ரவரியில் பம்பாயில் டாடா நினைவு மருத்துவமனை திறக்கப்பட்டது. இந்தியாவின் எல்லா மூலைகளிலிருந்தும் அங்கே நோயாளிகள் போகிறார்கள். தங்க இடம் கிடைக்காமல் குடும்பத்தோடு நடைபாதையில் படுத்துச் சிகிச்சை பெறுகிறவர்களை இன்றைக்கும் பார்க்கலாம். சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் 1954 ஜூனில் 12 படுக்கைகளோடு தொடங்கியது. அதன் பின்னால் இருப்பது, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த ஓர் அக்காவின் பிடிவாதம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டிதான் அந்த அக்கா. தங்கை இறந்து சுமார் முப்பது வருடம் அவர் அதை மறக்கவில்லை. குணமாகாத நோய்க்கு எதற்கு ஆஸ்பத்திரி என்று கேட்டவர்களைத் தாண்டி, பொதுமக்களிடம் நிதி கேட்டு அதைக் கட்டினார். 1955இல் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா 2021இல் இறக்கும்வரை அந்த நிலையத்தோடே வாழ்ந்தார். ஒரு நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்துபோய் நிதி கேட்டதால் வந்த ஆஸ்பத்திரி அது. நாங்கள் நிதியை மட்டும் கேட்டுவிட்டு, உட்காருவதை விட்டுவிட்டோம்.

அந்தப் போனுக்கு மறுநாள் ஆஸ்பத்திரித் தாதி ஒருவர் பொறுமையாக விளக்கினார். இந்தச் சிகிச்சையில் இடைவெளி விழக்கூடாது. நாட்கள் விட்டுப்போனால் மிச்சமிருக்கும் நோய் அணுக்கள் மறுபடி பெருக இடம் கொடுத்ததாகிவிடும். அப்படியானால், அவன் அறையில் ராத்திரி ஓர் ஆள் இருப்பதும் மருத்துவத்தில் சேர்த்திதானே?

ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டோம். நாலாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரை, ஞாயிறு முதல் வியாழன் வரை ராத்திரி ஒருவர். விடிந்ததும் அவரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். பணம் கேட்டபோது யாரும் தயங்கவில்லை. ராத்திரி கேட்டபோது பலர் தயங்கினார்கள். ஷிப்ட், சின்னக் குழந்தை, "ஆஸ்பத்திரின்னாலே பயம்டா" என்று எல்லாமே நிஜமான காரணங்கள். முதல் வாரம் மூன்று பேர்தான் தேறினோம். பிறகு எங்களுக்குப் பாடம் நடத்திய ஓய்வுபெற்ற வாத்தியார் பெயர் கொடுத்தார். அவர் பெயரைப் பார்த்ததும் இன்னும் நாலு பேர் வந்தார்கள்.

பெரிதாக யாரும் எதுவும் செய்யவில்லை. அவனால் பேச முடியாது, எங்களுக்கு என்ன பேசுவதென்று தெரியாது. வாத்தியார் பேப்பர் படித்துக் காட்டினார். இன்னொருவன் போனில் பந்தாட்டம் போட்டுவிட்டு அவனுக்கு முன்னாலேயே தூங்கிப்போனான். கஞ்சியை மிக்ஸியில் அடித்து ஆறவைத்து, அவன் ஒரு மணி நேரம் விழுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு ராத்திரி மட்டும் அவன் காகிதத்தில் எழுதிக் காட்டினான்: "நீங்க வர்றது எனக்கு வெக்கமா இருக்கு." வாத்தியார் கண்ணாடியைப் போட்டுப் படித்துவிட்டு, "கஞ்சி ஆறுது, குடிப்பா" என்றார்.

ஏழு வாரமும் முடிந்தது. ஒரு நாள்கூட விடுபடவில்லை. கட்டி போய்விட்டதா என்று சொல்ல இன்னும் காலமாகவில்லை. அடுத்த மாதம் ஸ்கேன். அந்த நோட்டில் அன்றைய தேதிக்கு இரண்டு பேர் ஏற்கெனவே பெயர் எழுதியிருக்கிறார்கள்.