கயிறு இழுத்த கால்வாய்

பழநியில் விஞ்ச் ஏறியிருப்பீர்கள். இரும்புக் கயிறு பெட்டியை விறுவிறுவென்று மேலே இழுத்துக்கொண்டு போகும். கயிறு கட்டி இழுத்த போக்குவரத்து ஒன்று பழவேற்காட்டுப் பக்கமும் இருந்தது. அங்கே மலை கிடையாது, தண்ணீர். மோட்டார் கிடையாது, மனுஷன்!

அதுதான் பக்கிங்ஹாம் கால்வாய். 'சென்னையில நாறுமே, அதுவா?' என்று மூக்கைப் பிடிக்காதீர்கள். அதேதான்.

1806-ல் பேசில் காக்ரேன் என்ற வெள்ளைக்கார வியாபாரி சென்னையிலிருந்து எண்ணூருக்கு வெட்டிய உப்புநீர்க் கால்வாய், பிறகு பழவேற்காடு ஏரியைத் தொட்டது. 1837-ல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. முடிவில், ஆந்திராவின் பெத்தகஞ்சம் முதல் நம்ம மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர்! விறகு, உப்பு, நெல், கிளிஞ்சல் எல்லாம் படகில் வந்தன. காற்று அடித்தால் பாய் விரிப்பார்கள். இல்லாவிட்டால் ஆட்கள் கரையில் இறங்கி, கயிற்றைப் பிடித்து இழுத்தபடி நடக்க வேண்டியதுதான். இந்த வழியே மாமல்லபுரம் போன பாரதிதாசன், அவர்கள் படும் பாட்டை 'மாவலிபுரச் செலவு' கவிதையில் எழுதியிருக்கிறார்.

கால்வாய் வந்த கதையில் இன்னொரு சோகம் உண்டு. தாது வருஷப் பஞ்சம். பசியோடு வந்தவர்களைக் கொண்டுதான் 1877-78-ல் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்தார்கள். 1877 தொடக்கத்தில் நிவாரண வேலைக்கு ஓர் ஆளுக்கு நிர்ணயித்த தினக்கூலி என்ன தெரியுமா? ஒரு பவுண்டு, அதாவது 450 கிராம் தானியம், கூட ஓர் அணா. டாக்டர் கார்னிஷ் சண்டை போட்ட பிறகுதான் கொஞ்சம் கூட்டினார்கள். கால்வாய்க்கோ கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர்!

ரயிலும் லாரியும் வந்தன, படகுகள் குறைந்தன. புயல்கள் கரையை உடைத்தன. சென்னையில் கால்வாய்க்குள்ளேயே தூண் நட்டு, 1995-ல் பறக்கும் ரயில் ஓடியது. 2008-ல் தேசிய நீர்வழி என்று அறிவித்தார்கள். பழைய படகுப் போக்குவரத்து மட்டும் திரும்பவில்லை. ஆனாலும் 2004 சுனாமியில் பல இடங்களில் கடல்நீரை வாங்கிக்கொண்டு ஊருக்குள் வேகத்தைக் குறைத்தது இந்தக் கைவிடப்பட்ட பள்ளம்தான்.

பழவேற்காட்டின் டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். முன்னூறு வருஷத்துக்கு முன் செத்தவர்களின் பெயரும் தேதியும் கல்லில் அழகாகச் செதுக்கியிருக்கும். தொல்லியல் துறை காவல் காக்கிறது. பஞ்சத்தில் மண் வெட்டியவர்களுக்குக் கல் ஏது? அவர்களுக்கு மிச்சம், அந்தக் கால்வாய் மட்டுமே. அதிலும் நாம் குப்பை கொட்டிக்கொண்டிருக்கிறோம்.