இந்தியப் பொறியியல் பட்டத்தின் மதிப்பு

1847இல் ரூர்க்கியில் பொறியியல் கல்லூரி தொடங்கப்பட்டது, கங்கைக் கால்வாய் முதலிய பொதுப்பணிகளுக்குப் பயிற்சி பெற்றோர் தேவைப்பட்டதால்தான். ஆயினும் அப்பணிகளின் உயர்பதவிகளுக்கென இங்கிலாந்தின் கூப்பர்ஸ் ஹில்லில் தனிக்கல்லூரி ஒன்றை ஆங்கில அரசு 1870களின் தொடக்கத்தில் நிறுவியது. 1906வரை இயங்கிய அங்குப் பயின்றோர் பெரும்பாலும் பிரித்தானியரே. ஒரே துறை, ஒரே நாடு. பட்டத்தின் மதிப்போ பயின்ற இடத்தைப் பொறுத்தே அமைந்தது.

விடுதலைக்குப்பின், அரசியல் கைதிகளை அடைத்திருந்த ஹிஜ்லி முகாமில் 1951இல் கரக்பூர் ஐஐடி பிறந்தது. 1962 முதல் பத்தாண்டுகள் ஒன்பது அமெரிக்கக் கல்வி நிறுவனங்கள் கான்பூர் ஐஐடிக்குத் துணைநின்றன. உலகத்தரம் இந்திய மண்ணிலேயே கைகூடும் என்பதை இவை காட்டின.

2014இல் வாஷிங்டன் உடன்படிக்கையில் இந்தியா முழு உறுப்பினரானது. உறுப்பு நாடுகளின் பொறியியல் பட்டங்கள் கல்வித்தகுதியில் இணையானவை என ஏற்பதே அதன் சாரம். ஆனால், இவ்விணைமதிப்பு நாட்டின் எல்லாப் பட்டங்களுக்கும் உரியதன்று. தேசிய அங்கீகார வாரியம் முதல் அடுக்கில் அங்கீகரித்த படிப்புகளுக்கே உரியது. பயின்ற இடத்தால் மதிப்பு மாறும் பழைய நிலை, இப்போது நாட்டுக்குள்ளேயே கல்லூரிக்கும் கல்லூரிக்கும் இடையே தொடர்கிறது.

உலகப் பொருளாதாரத்திற்கு மாணவரை ஆயத்தப்படுத்தப் பாடத்திட்டத்தைத் திருத்தினால் மட்டும் போதாது. அந்த அங்கீகாரம் சிறுநகரக் கல்லூரிகளையும் எட்ட வேண்டும்.