யூரோ டிஸ்னியின் 530 கோடி பிராங்க்: ஒரு நட்டக் கணக்கின் மறுவாசிப்பு

யூரோ டிஸ்னி தடுமாறியது ஏன் என்ற கேள்விக்கு மேலாண்மைப் பாடநூல்கள் கால் நூற்றாண்டுக்கும் மேலாக ஒரே விடையைத்தான் சொல்லிவருகின்றன. பாரிஸுக்குக் கிழக்கே 32 கிலோமீட்டரில், மார்ன்-லா-வாலேயில் 1992 ஏப்ரல் 12 அன்று திறக்கப்பட்ட அந்தப் பூங்கா, பிரெஞ்சுப் பண்பாட்டை மதிக்காத ஓர் அமெரிக்க நிறுவனத்தின் கர்வத்தால் சரிந்தது என்பதே அந்த விடை. நாடக இயக்குநர் அரியான் முனூஷ்கினின் பெயரோடு ஒட்டிக்கொண்ட ‘பண்பாட்டுச் செர்னோபில்’ என்ற தொடரில் அது முளைத்தது. பத்திரிகைகள் அதை வளர்த்தன. பாடநூல்கள் பண்பாட்டுத் தொலைவை அளக்கும் அட்டவணைகளோடு அதற்கு ஆய்வுத் தோற்றம் கொடுத்தன. ஆண்ட்ரூ லெய்ன்ஸ்பரி 2000இல் வெளியிட்ட நூல் ‘அமெரிக்கப் படையெடுப்பு’ என்ற எளிய குற்றச்சாட்டைத் தளர்த்தியது. வகுப்பறை வாசிப்பு அதனால் அசையவில்லை.

அந்த வாசிப்பு முன்வைக்கும் சான்றுகள் பொய்யல்ல. பூங்காவுக்குள் மதுவுக்குத் தடை இருந்தது. வைன் இல்லாமல் மதிய உணவா என்று பிரான்ஸ் கொதித்தது. ஊழியர்களின் மீசை, தாடி, நகை, தலைமுடி வரை விதிகள் வகுக்கப்பட்டன, தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. ஐரோப்பியர் காலையில் பெரிதாகச் சாப்பிடமாட்டார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி விடுதிகளின் உணவகங்களைச் சிறிதாகக் கட்டினார்கள். காலைதோறும் வரிசை நீண்டது. திங்கட்கிழமை கூட்டம் குறையும், வெள்ளிக்கிழமை பெருகும் என்ற கணிப்பும் தலைகீழானது. இவை எல்லாம் நடந்தவைதான்.

ஆனால் இவை எதை நிரூபிக்கின்றன? காலை உணவுக்கு வரிசை நின்றது என்றால் விருந்தினர் வந்தார்கள் என்று பொருள். ஆள் வராமல் போனதற்கு இதைச் சான்றாகக் காட்டுவது எப்படி? மதுத்தடையின் கதை இன்னும் கடினமான கேள்வியை எழுப்புகிறது. 1993 ஜூனில் தடை நீங்கியது. 1993 செப்டம்பரோடு முடிந்த நிதியாண்டில் வந்தவர்கள் ஏறத்தாழ 98 லட்சம் பேர். வைனும் பியரும் தாராளமாகக் கிடைத்த அடுத்த ஆண்டில் அந்த எண்ணிக்கை 88 லட்சமாகக் குறைந்தது. பண்பாட்டுத் தவறு திருத்தப்பட்ட பிறகு கூட்டம் குறைந்ததற்கு அந்த வாசிப்பிடம் விளக்கம் இல்லை.

தோக்கியோவும் அதற்கு எதிராகவே நிற்கிறது. பாடநூல்களின் அட்டவணைப்படி அமெரிக்காவிடமிருந்து பிரான்ஸைவிடவும் தள்ளி நிற்பது ஜப்பான். அங்கே 1983இல் திறந்த பூங்காவில் டிஸ்னி பெரிய மாற்றம் எதுவும் செய்யவில்லை. முதல் ஆண்டிலேயே கூட்டம் ஒரு கோடியை எட்டியது. ஜப்பானியருக்கு அமெரிக்கப் பொருள்மேல் விருப்பம் அதிகம் என்று இதற்குப் பதில் சொல்லப்படுகிறது. வெற்றி வந்த இடத்தில் விருப்பம், தோல்வி வந்த இடத்தில் மோதல் என்று முடிவைப் பார்த்துக் காரணத்தைத் தேர்ந்தால், அது சோதிக்கவே முடியாத கோட்பாடாகிவிடும்.

இனி இக்கட்டுரையின் மையச் சான்றுக்கு வருகிறேன். அது 1993 நவம்பரில் வெளிவந்த வருமானக் கணக்கின் ஒற்றை வரி. அந்த நிதியாண்டின் நட்டம் ஏறத்தாழ 530 கோடி பிராங்க். பாடநூல்களும் பத்திரிகைகளும் இந்த எண்ணைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. ஐரோப்பியர் பூங்காவைப் புறக்கணித்ததன் விலை இது என்ற தோரணையில். ஆனால் கணக்கில் அந்தத் தொகை இரண்டு கூறுகளாக நிற்கிறது. திறப்புவிழாவுக்கு முன் ஆன செலவுகளைப் பல ஆண்டுகளுக்குப் பரப்பி எழுதும் முறையைக் கைவிட்டு, மொத்தமாக ஒரே ஆண்டில் நீக்கியதால் விழுந்தது ஏறத்தாழ 360 கோடி. மீதமுள்ள ஏறத்தாழ 170 கோடிதான் அந்த ஆண்டின் நடைமுறை நட்டம். முந்தைய நிதியாண்டின் நட்டம் 18.8 கோடி மட்டுமே. ஆகவே புகழ்பெற்ற அந்த எண்ணில் மூன்றில் இரு பங்குக்கு 1993இல் பூங்காவுக்கு வந்தவர்களோ வராதவர்களோ காரணமல்ல. அது கணக்கெழுதும் முறையில் செய்த மாற்றம்.

170 கோடியும் சிறிய தொகையல்ல. அது எங்கிருந்து வந்தது என்பதே கேள்வி. பூங்காவின் கடன் ஏறத்தாழ 2,000 கோடி பிராங்க். ஜெர்மானிய இணைப்புக்குப் பின் ஐரோப்பாவில் வட்டி உயர்ந்திருந்தது. 1992 செப்டம்பர் நாணய நெருக்கடியில் பிரிட்டிஷ் பவுண்டும் இத்தாலிய லீராவும் சரிந்தபோது பிராங்க் சரியவில்லை. பிரிட்டிஷ்காரருக்கும் இத்தாலியருக்கும் இந்தப் பயணம் ஒரே மாதத்தில் விலையேறியது. 1993இல் பிரான்ஸே பொருளாதாரத் தேக்கத்தில் இருந்தது. வந்தவர்கள் காலையில் வந்து இரவில் திரும்பினார்கள். விடுதி அறைகள் பாதியைச் சற்றே தாண்டித்தான் நிறைந்தன. ஐரோப்பியர் சிக்கனக்காரர் என்று பாடநூல்கள் இதையும் பண்பாட்டுக் கணக்கில் எழுதுகின்றன. பணம் சுருங்கிய ஆண்டில் பணத்தைப் பிடித்துக்கொள்வதை ஒரு நாட்டின் குணமாகக் காட்டுவது எனக்கு ஏற்புடையதல்ல.

அத்தனை விடுதிகள் ஏன் கட்டப்பட்டன? 1984இல் டிஸ்னியில் பொறுப்பேற்ற மைக்கேல் ஐஸ்னர், பிராங்க் வெல்ஸ் தலைமைக்கு இரண்டு பழைய வருத்தங்கள் இருந்தன. கலிபோர்னியாவிலும் ஆர்லண்டோவிலும் பூங்காவைச் சுற்றி விடுதி கட்டியவர்கள் அள்ளிக்கொண்டார்கள். தோக்கியோவில் உரிமையாளர் ஓரியண்டல் லேண்ட் நிறுவனம். டிஸ்னிக்குக் கிடைத்தது நுழைவுக்கட்டணத்தில் 10 விழுக்காடும் உணவிலும் விற்பனைப் பொருள்களிலும் 5 விழுக்காடும்தான். பிரான்ஸில் இரண்டையும் சரிசெய்ய முனைந்தார்கள். 1985 டிசம்பரில் லோரான் ஃபாபியஸ் அரசோடு தொடங்கிய உடன்பாடு, 1987 மார்ச்சில் ஜாக் சிராக் பிரதமராக இருந்தபோது ஒப்பந்தமானது. ஏறத்தாழ 1,940 ஹெக்டேர் நிலம், அரசுவழிச் சலுகைக் கடன், ரயில் இணைப்பு எல்லாம் கிடைத்தன. ஆறு விடுதிகளும் ஒரு முகாமும் சேர்த்து 5,000க்கும் மேற்பட்ட அறைகள் எழும்பின. மைக்கேல் கிரேவ்ஸ், ராபர்ட் ஸ்டெர்ன் போன்ற கட்டடக் கலைஞர்களின் வடிவமைப்பு செலவை மேலும் ஏற்றியது.

நிதி அமைப்பை வகுத்தவர் கேரி வில்சன். மேரியட் விடுதி நிறுவனத்திலிருந்து டிஸ்னிக்கு வந்தவர். அவர் திட்டத்தில் பூங்கா கூட்டத்தை இழுக்கும். கூட்டம் வந்தால் சுற்றியுள்ள நிலத்தின் விலை ஏறும். கட்டிய விடுதிகளையும் மேம்படுத்திய மனைகளையும் விற்றுக் கடனை அடைக்கலாம். 1989இல் 72 பிராங்கில் பங்குகள் விற்கப்பட்டபோது பொதுமக்கள் 51 விழுக்காட்டை வாங்கினார்கள். நிர்வாகமோ முழுவதும் டிஸ்னிக்குச் சொந்தமான துணை நிறுவனத்திடம். டிஸ்னிக்குச் செல்லும் இராயல்டி விற்பனைமீது கணக்கிடப்பட்டது. நட்டம் வந்தாலும் அது நிற்காது. பெரும்பான்மைப் பங்கு வைத்திருந்தவர்களுக்கு நிர்வாகத்தை மாற்றும் உரிமை இல்லை. நியாயமற்ற இந்த ஏற்பாட்டைப் பற்றி வைன் சர்ச்சையில் பத்தில் ஒரு பங்கு பேச்சுக்கூட எழவில்லை.

பாரிஸ் வட்டாரத்தில் நிலச்சந்தை சரியத் தொடங்கியது 1990 என்றும் 1991 என்றும் சொல்லலாம். விலையைப் பார்த்தால் ஒரு விடை, விற்பனை எண்ணிக்கையைப் பார்த்தால் வேறு விடை. நான் இதைத் தீர்த்துச் சொல்லத் துணியவில்லை. எப்படியிருந்தாலும் பூங்காவின் கதவு திறப்பதற்கு முன்பே திட்டத்தின் அடித்தளம் போய்விட்டது. விடுதிகளை வாங்க ஆளில்லை. முதல் ஆண்டுக்கு 1 கோடியே 10 லட்சம் பேரை எதிர்பார்த்தார்கள். வந்தது அதைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. விற்றுவிடலாம் என்று நம்பிய கட்டடங்களுக்காக வட்டி கட்டிக்கொண்டிருந்த நிறுவனத்தால் அந்தக் குறைவைத் தாங்க முடியவில்லை.

மீண்டும் 88 லட்சத்துக்கு வருகிறேன். 1994இல் பிரெஞ்சுப் பொருளாதாரம் மீளத் தொடங்கிவிட்டது. வைன் கிடைத்தது. 1993 ஏப்ரலில் ராபர்ட் ஃபிட்ஸ்பாட்ரிக்கின் இடத்துக்கு வந்த பிரெஞ்சுக்காரர் பிலிப் பூர்கினியோன் தலைமையில் இருந்தார். ஆனாலும் கூட்டம் குறைந்தது. அந்தக் குளிர்காலத்தில் புதிதாக நடந்தது ஒன்றுதான்: தாய் நிறுவனம் 1994 வசந்தம் வரைக்கே பணம் தருவதாக அறிவித்தது, பூங்காவை மூடுவதும் நடக்கக்கூடும் என்று ஐஸ்னரே பேசினார். மூடப்போகும் இடத்துக்கு எந்தக் குடும்பம் பல மாதம் முன்பே விடுதி பதிவு செய்யும்? கூட்டம் குறைந்ததால் நிதி நெருக்கடி வந்தது என்பதைத் திருப்பிப் போட்டு, நிதி நெருக்கடியும் அது கிளப்பிய வதந்தியும் கூட்டத்தைக் குறைத்தன என்கிறேன். நேரடிச் சான்று மெலிதானது என்பதை மறைக்கவில்லை; ஆயினும் அந்த ஓராண்டை வேறு எந்த விளக்கமும் இவ்வளவு பொருந்தி விளக்கவில்லை. 360 கோடியை அதே சமயத்தில் ஒரே வீச்சில் எழுதிநீக்கியது வங்கிகளை மேசைக்கு இழுக்கும் உத்தியா என்பதை மட்டும் கணக்கேடு சொல்லாது. அது சந்தேகமாகவே இருக்கட்டும்.

1994 மார்ச்சில் உடன்பாடு வந்தது. வங்கிகள் வட்டியைச் சில காலம் கைவிட்டன. டிஸ்னி இராயல்டியை ஐந்தாண்டுகள் நிறுத்திவைத்தது. 600 கோடி பிராங்குக்குப் புதிய பங்குகள், ஒன்று 10 பிராங்கில், வெளியிடப்பட்டன. சவூதி இளவரசர் அல்வலீத் பின் தலால் கணிசமான பங்கை வாங்கினார். அதே ஆண்டு அக்டோபரில் பெயர் டிஸ்னிலாந்து பாரிஸ் ஆயிற்று. 1995 நிதியாண்டில் 1 கோடியே 7 லட்சம் பேர் வந்தார்கள், இலாபம் 11.4 கோடி. பண்பாட்டுப் பாடம் கற்றதன் பரிசு இது என்று வகுப்பறைகள் சொல்கின்றன. நுழைவுக்கட்டணம் 250 பிராங்கிலிருந்து 195 ஆகக் குறைந்ததும், ‘ஸ்பேஸ் மவுண்டன்’ சவாரி திறந்ததும் கூட்டத்தைக் கூட்டின என்பதை ஏற்கிறேன். ஆனால் வட்டியும் இராயல்டியும் வழக்கம்போல் கட்டப்பட்டிருந்தால் அந்த ஆண்டும் நட்டத்தில்தான் முடிந்திருக்கும்.

சலுகைகளின் காலம் முடிந்தபின் நடந்தவை இதையே உறுதிசெய்கின்றன. 2002இல் இரண்டாவது பூங்கா திறந்தது. மூன்றாண்டுக்குள் கடன் மீண்டும் மறுசீரமைக்கப்பட்டது. 2012இல் வங்கிக் கடனை டிஸ்னி தானே அடைத்துத் தன் கடனாக மாற்றிக்கொண்டது. 2017இல் எஞ்சிய பங்குகளையும் வாங்கி நிறுவனத்தைச் சந்தையிலிருந்து விலக்கியது. அதற்குள் பூங்கா ஐரோப்பாவிலேயே மிக அதிகம் பேர் செல்லும் சுற்றுலா இடங்களில் ஒன்றாகியிருந்தது; 1989இல் 72 பிராங்க் கொடுத்துப் பங்கு வாங்கிக் கடைசிவரை வைத்திருந்தவர்களோ போட்ட பணத்தில் பெரும்பகுதியை இழந்திருந்தார்கள்.