மணியார்டர் கூப்பனும் நம் பிள்ளைகளும்

மணியார்டர் என்றால் என்ன என்று உங்கள் வீட்டுப் பத்து வயதுப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். ஹோட்டலில் ஏதோ ஆர்டர் கொடுக்கிற விஷயம் என்று நினைத்தாலும் ஆச்சரியமில்லை. ஆனால் பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு, நூறு வருஷத்துக்கும் மேலாக ஊர் உறவே அந்தக் காகிதத்தில்தான் ஓடியது.

நான் பேங்க் ஆபீசர். பணம் இங்கிருந்து அங்கே போவதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் பிழைப்பு. அதனால் பணம் ஊருக்குப் போன கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். பிள்ளை வளர்ப்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது, வருகிறேன்.

1854-ல் தபால் துறை நாடு முழுக்க ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தது. அரையணா ஸ்டாம்ப் ஒட்டினால் கடிதம் எந்த ஊருக்கும் போகும். ஆனால் பணம் போகாது. வியாபாரிகளுக்கு உண்டியல் இருந்தது (கோயில் உண்டியல் இல்லை, செட்டியார்களும் மார்வாடிகளும் எழுதிக் கொடுத்த ஹுண்டி). கூலிக்காரனுக்கும் குமாஸ்தாவுக்கும் யார் ஹுண்டி எழுதிக் கொடுப்பார்கள்? ஊருக்குப் போகிற நம்பிக்கையான ஆள் கிடைத்தால் கொடுத்தனுப்புவார்கள். இல்லாவிட்டால் ரூபாய் நோட்டை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியை முதலில் தபாலில் அனுப்பி, அது போய்ச் சேர்ந்த தகவல் வந்த பிறகு மறு பாதியை அனுப்புவார்கள். வழியில் திருடினாலும் பாதி நோட்டை வைத்துக்கொண்டு திருடன் என்ன செய்வான்! விளையாட்டில்லை, அந்தக் காலத்தில் நிஜமாகவே இப்படித்தான் நோட்டுகள் பயணம் செய்தன.

சர்க்கார் கஜானாக்கள் மூலமும் மணியார்டர் என்று ஒன்று இருந்தது. ஆனால் கஜானா இருக்கிற ஊருக்கு நடையாய் நடந்து வாங்க வேண்டும். 1880 ஜனவரி 1-ம் தேதி இந்த வேலையைத் தபால் துறை எடுத்துக்கொண்டது. அதோடு தலைகீழ் மாற்றம். பணம் வாங்குகிறவர் எங்கேயும் போக வேண்டாம், தபால்காரரே வீட்டு வாசலில் வந்து ரொக்கமாக எண்ணிக் கொடுப்பார். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் சாட்சி வைத்துக் கைநாட்டு வாங்குவார். அந்தச் சீட்டு அனுப்பியவருக்கே திரும்பி வரும். 1884-ல் அவசரத்துக்குத் தந்தி மணியார்டரும் வந்தது.

இதை வைத்துத்தான் எத்தனையோ ஊர்களில் உலை கொதித்தது. பம்பாய் மில் தொழிலாளிகள் அனுப்பிய பணத்தில் வாழ்ந்த ரத்னகிரி மாவட்டத்துக்கு 'மணியார்டர் பொருளாதாரம்' என்றே பெயர் உண்டு. தாராவித் தோல் கிடங்குகளிலிருந்து திருநெல்வேலிச் சீமைக்கும், மாதுங்கா குமாஸ்தாக்களின் சம்பளத்திலிருந்து தஞ்சாவூர், பாலக்காட்டு அக்ரஹாரங்களுக்கும் போனது இதே பணம்தான்.

பேங்க் என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்பீர்கள். 1969 ஜூலையில் 14 பேங்குகள் தேசியமயமான பிறகுதான் கிராமங்களில் கிளைகள் பெருகின. அப்போதும் டி.டி. எடுத்து ரிஜிஸ்தர் தபாலில் அனுப்ப வேண்டும். வாங்குகிறவருக்குக் கணக்கு வேண்டும், அது வசூலாக வேண்டும். வயசான மனுஷிக்கு இதெல்லாம் நடக்கிற காரியமா? தபால்காரர்தான் சௌகரியம். ஆனால் அந்தச் சௌகரியத்துக்கு விலையும் ஜாஸ்தி. கடைசிக் காலத்துக் கணக்கு, இருபது ரூபாய்க்கு ஒரு ரூபாய் கமிஷன். அதாவது 5 சதவீதம்!

எங்கள் அப்பாவும் பம்பாயில் கம்பெனி குமாஸ்தா. தென்காசிப் பக்கத்துக் கிராமத்தில் ஆச்சி. தொண்ணூறுகளில் மாசம் முன்னூறு ரூபாய் போகும், கமிஷன் பதினைந்து ரூபாய். அந்தப் பதினைந்து ரூபாய்க்கு எங்கள் வீட்டில் எத்தனையோ வாங்கலாம். அம்மா ஒரு நாளும் அதைப் பற்றி முணுமுணுத்ததில்லை. எனக்குக் கையெழுத்து நன்றாக வந்த பிறகு ஃபாரம் நிரப்புவது என் வேலை. ஃபாரத்தின் அடியில் கூப்பன் என்று ஒரு சின்ன இடம் இருக்கும், சேதி எழுதுவதற்கு. பணத்தை வாங்கிக்கொண்டு ஆச்சி அதைக் கிழித்து வைத்துக்கொள்வாள். அப்பா சொல்லச் சொல்ல எழுதுவேன். 'அனைவரும் நலம். கண்ணுக்கு மருந்து விடவும். இவன் பரீட்சையில் பாஸ்.' அவ்வளவுதான் இடம். ஹிந்தி, மராத்தி படித்துக்கொண்டிருந்த எனக்குத் தமிழில் உருப்படியாக எழுதக் கிடைத்த இடம் அந்தக் கூப்பன்தான். ஒரு வாரம், பத்து நாளில் ஆச்சியின் கைநாட்டோடு சீட்டு திரும்பி வரும். அப்பா அதைத் தேதிவாரியாகக் கம்பியில் குத்தி வைப்பார்.

பெற்றவர்களைக் காப்பாற்ற வேண்டும் என்று அப்பா எங்களுக்கு ஒரு தடவையும் உபதேசம் செய்ததில்லை. செய்யத் தேவையும் இருக்கவில்லை. சம்பளம் வந்ததும், பால்காரருக்கும் மளிகைக்கும் முன்னால், முதல் செலவு எதுவென்று கண்ணால் பார்த்துக்கொண்டே வளர்ந்தோம். அப்பாவும் ஒரு வீட்டுக்குப் பிள்ளைதான் என்பது எங்களுக்குத் தெரிந்தது அந்த ஃபாரத்தில்தான்.

பிறகு காலம் ஓடியது. 2005 நவம்பரில் என்.இ.எஃப்.டி. வந்தது. 2008-ல் மணியார்டரே எலக்ட்ரானிக் ஆனது. 2010-ல் ஐ.எம்.பி.எஸ்., 2014-ல் ஜன் தன் கணக்குகள், 2016-ல் யு.பி.ஐ. நடுவில் 2015-ல் பழைய காகித மணியார்டர் நின்றே போனது. பத்து நாள் பயணம் பத்து விநாடி ஆகிவிட்டது, கமிஷனும் இல்லை. பேங்க்காரனான நான் இதைக் குறை சொல்ல முடியுமா? ராத்திரி இரண்டு மணிக்கு ஊரில் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும் இங்கிருந்தே உடனே பணம் கட்டலாம். இதை விடப் பெரிய வரம் வேறென்ன வேண்டும்?

ஆனால் இரண்டு விஷயங்கள் கைநழுவிவிட்டன.

ஒன்று, வாங்குகிறவரின் கை. மணியார்டர் வாசலில், அவர் கையில், நாலு பேர் பார்க்கக் கொடுக்கப்பட்டது. இன்றைக்கு ஏ.டி.எம். கார்டை அதன் உறையோடு (உறை மேலேயே பின் நம்பர்!) யாரோ ஒரு பையனிடம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் பெரியவர்களை நான் வேலை பார்த்த ஒவ்வொரு ஊரிலும் பார்த்திருக்கிறேன். மகன் எவ்வளவு போட்டான், கையில் எவ்வளவு வந்தது என்பது அவர்களுக்கே தெரிவதில்லை.

இரண்டாவது, நம் பிள்ளைகளின் கண். நாம் ஆபீஸ் போகிற வழியில் போனில் நாலு தட்டு தட்டி அனுப்பிவிடுகிறோம். நிலையான உத்தரவு கொடுத்திருந்தால் அந்தத் தட்டும் கிடையாது. பணம் ஒழுங்காகப் போகிறது. ஆனால் அது போவதே பிள்ளைகளுக்குத் தெரியாது. பீட்ஸா வருவது தெரிகிறது, டியூஷன் ஃபீஸ் கட்டுவது தெரிகிறது. தாத்தா ஆச்சிக்குப் போவது மட்டும் தெரியவில்லை. நாளைக்கு இவர்கள் எங்கேயோ ஒரு தேசத்தில் சம்பாதிக்கும்போது, பார்க்காத ஒன்றைச் செய்யத் தோன்றுமா?

இதற்காக மணியார்டரைத் திரும்பக் கொண்டுவர முடியாது, வேண்டியதும் இல்லை. எங்கள் வீட்டில் ஒரு சின்ன ஏற்பாடு. நிலையான உத்தரவு கிடையாது. மாசத்து முதல் ஞாயிற்றுக்கிழமை, மகள் பக்கத்தில் உட்கார்ந்து தொகையைப் படிப்பாள், பின் நம்பரை நான் போடுவேன். உடனே அவளே போன் போட்டு, "ஆச்சி, பணம் வந்துட்டா? மெசேஜைப் பாருங்க" என்று கேட்பாள். ஆச்சி கண்ணாடியைத் தேடி, மெசேஜை எழுத்துக்கூட்டிப் படித்துத் தொகையைச் சொன்ன பிறகுதான் அவள் போனை வைக்கலாம். கைநாட்டுச் சீட்டுக்குப் பதில் அந்தக் குரல். கூப்பனுக்குப் பதிலாக மாசம் ஒரு கார்டு தமிழில் எழுதிப் போடுகிறாள். முதல் கார்டில் ஐந்து எழுத்துப்பிழை, போன மாசம் இரண்டு.

எல்லாம் சேர்த்து இருபது நிமிஷ வேலை. உங்கள் வீட்டிலும் மாசா மாசம் ஊருக்குப் பணம் போய்க்கொண்டுதான் இருக்கும். அடுத்த தடவை அனுப்பும்போது பிள்ளையைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.